அமைச்சரவைப் பாடம்: வினைச்சொல்லைப் பாருங்கள்

ஓ லெவல் சமூகவியல் பள்ளித் தேர்வில், அமைச்சரவை சட்டம் இயற்றுகிறது என்ற பொருளில் எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வினைச்சொல்லை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் "யார்?" என்று கேட்டிருந்தார். ஒரே சொல்லில் மதிப்பெண் போய்விட்டது.

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். இரண்டையும் ஒன்றாக நினைக்கும் குழப்பம் வருவது இயல்பு. சிங்கப்பூரில் அமைச்சர்கள் எல்லாருமே நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான். திங்கள் இரவு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்களின் குறை கேட்பவரே மறுநாள் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்காரலாம். ஆள் ஒருவர், வேலை இரண்டு.

எனக்கு இது பிடிபட்டது தேக்கா கடை ரசீது ஒன்றில். அடியில் பொருள் சேவை வரி 9% என்று இருந்தது. இந்த எண் எந்த வழியாக வந்தது என்று தேடிப் பார்த்தேன். வரியை உயர்த்தும் முடிவு அமைச்சரவையுடையது. 2022 பிப்ரவரியில் நிதியமைச்சர் லாரன்ஸ் வோங் வரவுசெலவுத் திட்ட உரையில் அதன் காலக்கெடுவை அறிவித்தார். ஆனால் அறிவித்ததும் அது சட்டமாகிவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மசோதா நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, எதிர்க்கட்சியினர் எதிர்த்து வாக்களித்தும் நிறைவேறியது. அப்புறம் அதிபரின் ஒப்புதல். 2023 ஜனவரி 1 முதல் 8%, 2024 ஜனவரி 1 முதல் 9%. முடிவெடுத்தது ஒரு இடம், சட்டமாக்கியது இன்னொரு இடம்.

அரசமைப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவை ஒருமுறையாவது படித்துவிடுங்கள், சின்னதுதான். அரசாங்கத்தைப் பொதுவாக வழிநடத்துவதும் கட்டுப்படுத்துவதும் அமைச்சரவையின் பொறுப்பு. நாடாளுமன்றத்துக்கு அது கூட்டாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் 'கூட்டாக' என்ற சொல்லை விடைத்தாளில் பலர் விட்டுவிடுகிறார்கள், பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. உள்ளே எவ்வளவு வாதாடினாலும், முடிவு எடுத்தபின் வெளியே எல்லா அமைச்சர்களும் அதற்குத் துணை நிற்க வேண்டும். வரியை உயர்த்தியது நிதியமைச்சு, எனக்குச் சம்பந்தமில்லை என்று சுகாதார அமைச்சர் சொல்ல முடியாது.

சரி, பயிற்சி எப்படி? நான் தினமும் தமிழ் முரசு நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து வினைச்சொற்களின் கீழ் கோடு போட்டேன். 'முடிவு செய்தது' என்றால் பெரும்பாலும் அமைச்சரவை. 'தாக்கல் செய்தார்' என்றால் அமைச்சர், ஆனால் நாடாளுமன்றத்துக்குள். 'நிறைவேறியது' என்றால் நாடாளுமன்றம். 'ஒப்புதல் அளித்தார்' என்றால் அதிபர். இரண்டு வாரத்தில், விடை எழுதும்போது வினைச்சொல் வருமுன்பே "யார்?" என்ற கேள்வி மனதில் வந்துவிட்டது.