முதலை தவிர

எங்கள் காலத்துப் பாடநூலில் விலங்குகளின் பாகுபாடு ஒரு பெரிய அட்டவணை. கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று இறங்கிக்கொண்டே போகும். பரீட்சைக்கு முதல்நாள் பாடமாக்கினால் போதும் என்பதுதான் மாணவர்களின் பொதுவான நினைப்பு. அதை அடியோடு மாற்றியவர் எங்கள் விலங்கியல் ஆசிரியர். அதற்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

ஒருநாள் தவளை, புறா, வௌவால் மூன்றின் முன்னவயவ எலும்புகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். “தம்பிமார், சிறகைப் பார்க்காதையுங்கோ, எலும்பைப் பாருங்கோ” என்றார். மூன்றிலும் மேலே ஒரு புயவென்பு, அதாவது மேற்கை எலும்பு. அடுத்து முன்கையின் இரண்டு எலும்புகளான ஆரையும் அரந்தியும். தவளையில் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டன. அப்புறம் விரல்கள். வௌவாலில் நான்கு விரல்கள் நீண்டு தோலைத் தாங்க, பெருவிரல் மட்டும் நகத்தோடு வெளியே நிற்கிறது. புறாவுக்கு மூன்றே விரல், அவையும் குறுகி ஒட்டியவை. பறக்க உதவுவது இறகு. ஆக, கை ஒரே மூதாதையிடமிருந்து வந்தது, சிறகு தனித்தனியே தோன்றியது. பரம்பரையாக வந்த ஒற்றுமை வேறு, தொழிலால் வந்த ஒற்றுமை வேறு என்பது அன்றைக்கே பிடிபட்டது.

ஊர்வனவற்றின் இதயத்துக்கு மூன்று அறை என்று எழுதி, ‘முதலை தவிர’ என்று பக்கத்தில் போடுவோம். அவர் பிடித்துக்கொண்டது அந்த விதிவிலக்கைத்தான். முதலைக்கும் பறவைக்கும் நான்கறை இதயம். பல்லி, முதலை, புறா மூன்றில் எவை நெருங்கிய சொந்தம் என்று கேட்டால், கண் பல்லியையும் முதலையையும்தான் சேர்க்கும். ஆனால் செதிலும் நாலு காலும் மிகப் பழைய இயல்புகள். அவை பொதுவாக இருப்பதால் மட்டும் சொந்தம் நெருங்கிவிடாது. பிற்பாடு புதிதாகத் தோன்றிய இயல்பைப் பகிர்ந்துகொள்பவையே நெருங்கியவை. 1950இல் இதை ஒரு முறையாகவே வகுத்து எழுதியவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக். இதயத்தை மட்டும் வைத்தும் முடிவுக்கு வரமுடியாது; பாலூட்டிகளின் நான்கறை இதயம் வேறு வழியில் வந்தது. மண்டையோடு, புதைபடிவம், டிஎன்ஏ எல்லாம் ஒரே பக்கம் காட்டுவதால்தான், இன்று வாழும் விலங்குகளில் முதலைக்கு நெருங்கிய சொந்தம் பறவைகளே என்று துணிந்து சொல்கிறோம்.

திமிங்கிலத்தின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. உயிரினங்களைப் பாகுபடுத்தித் தான் எழுதிய நூலில் 1735இல் அதை மீன்களோடு வைத்த சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ், அந்நூலின் 1758 பதிப்பில் பாலூட்டிகளுக்கு மாற்றினார். பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வர இன்னும் நூறு வருடம் இருந்தது! எந்தப் பாலூட்டிக்கு நெருக்கம் என்பது மட்டும் நெடுங்காலம் தீராத கேள்வி. 1990களில் டிஎன்ஏ ஆய்வுகள் நீர்யானையைக் காட்டின. புதைபடிவ ஆய்வாளர்கள் பலர் தயங்கினார்கள். 2001இல், பாகிஸ்தானில் கிடைத்த, கால்களுள்ள ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. அதன் இரண்டு முனையும் கப்பிபோல வளைந்திருந்தன. ஆடு, மாடு, மான், நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளின் அடையாளமே அதுதான். தனி வருணமாக நாங்கள் படித்த திமிங்கிலங்களை இன்று பலரும் அந்த இரட்டைக் குளம்பு விலங்குகளின் வருணத்துக்குள்ளேயே வைக்கிறார்கள்.