விச் எதைப் பார்க்குது, தம்பி?

இங்கிலிஷ் சேர் காலமாகிவிட்டார் என்று வட்ஸ்அப்பில் பார்த்த பிறகு, இந்த மலருக்கு வேறெதையும் எழுத மனம் வரவில்லை. வாக்கியத்தில் 'விச்' (which) எந்தச் சொல்லைக் குறிக்குது என்று கேட்கிற, 'விச் எதைப் பார்க்குது, தம்பி?' என்ற அந்தக் குரலை அவரிடம் படித்த எங்களில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட பிறகு வந்த ஒரு பாடத்தில், கரும்பலகையில் 'த லைப்ரரி புக்ஸ் விச் வேர் பேர்ண்ட்' என்று எழுதினார். இரண்டு பெயர்ச்சொல் சேர்ந்து வந்தால் பின்னால் நிற்பதே முதன்மைச் சொல். விச், ஹூ, தட் மூன்றும் அதைத்தான் பிடிக்கும் என்றார். 'லைப்ரரி' இங்கே வெறும் அடை, 'விச்' அதைத் தொடாது. 'வேர்' என்ற பன்மையே சாட்சி. நூலகம் எரிந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் தொகையை விரித்து, 'த புக்ஸ் ஒவ் த லைப்ரரி விச் வோஸ் பேர்ண்ட்' என்று எழுத வேண்டும். 'மதர் இன் லோ' போன்றவற்றில் முதன்மைச் சொல் முன்னால் நிற்கும். ஆனாலும் 'ஹூ' கடைசியில்தான் வரும்.

அப்புறம் தமிழுக்கு வந்தார். 'எரிந்த நூலகப் புத்தகங்கள்.' எரிந்தது நூலகமா, புத்தகங்களா? 'ரெண்டும்தான் சேர்' என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன். சேர் தலையாட்டினார். சுமார் 97,000 புத்தகங்கள். பின்னேரங்களில் அவர் இருந்து வாசித்த மேசையும் அதற்குள்தான்.

ரொறன்ரோவில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் போனபோதுதான் அந்தப் பாடத்தின் கனம் விளங்கியது. 'சுட்டுக் கொல்லப்பட்ட கடைக்காரரின் மகன்' என்று சாட்சி சொல்வார். கொல்லப்பட்டது தகப்பனா, மகனா? 'த ஷொப்கீப்பர்ஸ் சன் ஹூ வோஸ் ஷொட்' என்று அவசரத்தில் சொல்லிவிட்டால், உயிரோடு இருக்கிற மகன் பதிவில் செத்துப்போவான். அனுமதி கேட்டு, சாட்சியிடம் திரும்பக் கேட்பேன். சேர் கேட்ட கேள்விதான். அந்த ஒரு விளக்கத்தில் ஒருவருடைய வழக்கே தங்கியிருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முன் சேர் ஒரு கடிதம் போட்டிருந்தார். 'ஒரு தவணையாவது வந்து படிப்பியும், இங்கே ஆள் இல்லை' என்று. வீட்டுக் கடன், பிள்ளைகள், ஊரில் போர். அடுத்த வருடம் வருகிறேன் என்று எழுதினேன். பிறகும் அப்படியே எழுதினேன். எங்கள் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் எல்லோரும் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறோம். சேர் தந்த இங்கிலிஷால்தான் இங்கே தலைநிமிர்ந்து நிற்கிறோம். அங்கே படிப்பிக்க எங்களில் ஒருவரும் நிற்கவில்லை. நான் நின்றிருக்கலாம்.