டிரையருக்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

நேற்று இரவு துணி டிரையரைப் போட்டதும் 'தடக் தடக்' என்று ஒரே சத்தம். ஜீன்ஸ் பட்டன்தான் மோதுகிறது என்று நினைத்தேன். துணியை எல்லாம் எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டினேன். சத்தம் நிற்கவில்லை. சரி, துணி மேல் தப்பில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஒரு முழுச் சுற்றுக்குள் பல தடவை தட்டியது. டிரம்மைச் சுழற்றும் பெல்ட்டில் அடிபட்டிருந்தால் தட்டல் இவ்வளவு அடிக்கடி வராது. டிரம்மைத் தாங்கும் சின்ன உருளைகள் டிரம்மைவிட வேகமாகச் சுற்றுபவை, அதனால் சந்தேகம் அவற்றின் மேல் போயிற்று. பின்பக்கம் திறந்து பார்த்தால், ஓர் உருளையின் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிக் கிடக்கிறது! இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது எப்படியும் சீக்கிரம் தொந்தரவு கொடுக்கும்.

'கீச்' என்று கத்தினால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னக் கப்பியைப் பாருங்கள். 'கிணிங்' என்றால் பெரும்பாலும் சில்லறைக் காசு.

அப்புறம், உருளை ரப்பரில் எண்ணெய் விடாதீர்கள். பஞ்சு ஒட்டிக்கொள்ளும், பெல்ட்டில் பட்டால் வழுக்கும். உள்ளே சேர்ந்திருந்த பஞ்சை அள்ளியதில் ஒரு தலையணையே தைத்திருக்கலாம். தீப்பிடிக்கிற சமாச்சாரம் அது, சத்தம் வந்ததே நல்லதாகப் போயிற்று.