தூரம் 5,540 கி.மீ. சரி, எத்தனை மணி நேரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் வருகிறது. எரிச்சலாகி, நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் ஜேஎஃப்கே. ஊரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது. லண்டன் என்றால் ஹீத்ரோவா, காட்விக்கா?

தூரம் சுலபமாகவே வந்தது. இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து விரிதாளில் போட்டேன். ஹீத்ரோ 51.47, −0.45, ஜேஎஃப்கே 40.64, −73.78. மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி கட்டாயம். விரிதாளின் சைன், கொசைன் எல்லாம் கோணத்தை ரேடியன் என்ற வேறு அலகில் கேட்கும், டிகிரியை அப்படியே கொடுத்தால் குப்பைதான் வரும். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு கோணம் என்று இப்படிக் கிடைக்கும். அதைப் பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.யால் பெருக்கினால் 5,540 கி.மீ. இதுதான் பெருவட்டத் தூரம். உருண்டை மேல் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அதன் வழியே போனால் 200 கி.மீ.க்கு மேல் கூடிவிடும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தும் பார்த்தேன்: அயர்லாந்து மேல் ஏறி, நியூஃபவுண்ட்லாந்து வழியாக இறங்கியது.

நேரம்தான் படுத்தியது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறு மணி பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டிக்கெட்டிலோ ஏறத்தாழ எட்டு மணி நேரம்! மீதி எங்கே போனது? டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் அல்ல. ஒரு கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு கேட்டில் போய் நிற்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதை வரிசையில் காத்திருப்பது, மெதுவாக ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் என்று பெயர் வரக் கூடாதே என விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் வைக்கின்றன.

அப்புறம் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் எனும் உயரத்து வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. நியூயார்க் போகும்போது அது எதிர்காற்று. மணிக்கு 100 கி.மீ. எதிர்த்தாலே வானில் மட்டும் ஏழு மணி நேரம் ஆகிறது. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும், ஐந்தரை மணி நேரம் போதும். 2020 பிப்ரவரியில் புயல்காற்றின் தயவில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஆக, போக ஒன்று, வர ஒன்று என இரண்டு எண் தராத எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

பாதையும் நேராக அமையும் என்று சொல்ல முடியாது. ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ. முன்பு ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஆன பயணம், 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு சுற்றிப் போவதால் சுமார் 13 மணி நேரம் ஆகிறது. இதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11க்குக் கிளம்பி நியூயார்க்கில் மதியம் 2க்கு இறங்குவது மூன்று மணி நேரப் பயணம் இல்லை, நேர வித்தியாசம் 5 மணியையும் கூட்ட வேண்டும். அதுவும் மார்ச்சில் சில வாரம், அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் 4 மணிதான், ஏனென்றால் இரு நாடுகளும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை.