கோப்பாய்: செம்பாட்டிலிருந்து உப்பாறு வரை

சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, யமுனா ஏரி என்று நல்லூரைப் பற்றி எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வோம். யாழ்ப்பாண அரசின் தலைநகரம் அல்லவா! அதற்கு வடகிழக்கே, சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிற எங்கள் கோப்பாயைப் பற்றிச் சொல்லித் தந்தவர் பூமிசாஸ்திர மாஸ்ரர் ஒருவர்தான்.

மாரி முடிந்த ஒரு காலையில் பருத்தித்துறை வீதியிலிருந்து எங்களைக் கிழக்கே கூட்டிக்கொண்டு நடந்தார். முதலில் செம்பாட்டுத் தோட்டங்கள், செம்மண் நிலம்; வெங்காயம், புகையிலை, வாழை. அப்புறம் மண் வெளுத்து வயல் வந்தது. வயல் முடிய தரவை என்கிற புல்வெளி, அதற்கப்பால் உப்பாறு என்கிற கடல்நீரேரி, எதிர்க்கரையில் கைதடி. வழியில் கிணறு வெட்டிய இடத்தில் குவிந்திருந்த வெள்ளைக் கல்லொன்றைத் தூக்கிக் காட்டினார். அதில் சிப்பி பதிந்திருந்தது. “பிள்ளையள், நாங்கள் நிக்கிற நிலம் ஒருகாலம் கடலுக்கடியில கிடந்தது” என்றார்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலச் சுண்ணக்கல் அது. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரிமழை இந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. வடக்கே புத்தூர்ப் பக்கமுள்ள ஆழமான நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது அதனால்தான். துலா மிதித்து இறைத்த காலத்தில் தோட்டத்துக்கு அளவாகத்தான் தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீர் இறைக்கும் மெஷின் வந்தபின் அளவு மீறியது; மீறிய இடத்தில் உவர் மேலேறுகிறது. இது எனக்கு இன்றும் பெரிய கவலை.

1560இல் போர்த்துக்கேயர் கோவாவிலிருந்து படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது, சங்கிலி மன்னன் பின்வாங்கியது கோப்பாய்க் கோட்டைக்கு. ஏன் கோப்பாய்? அந்த நடைதான் எனக்கு விடை தந்தது. முன்னால் கிணறும் தோட்டமும், பின்னால் உப்பாறு. அதைத் தாண்டினால் குடாநாட்டின் தென்கிழக்கான தென்மராட்சி, அங்கிருந்து தெற்கே வன்னிப் பெருநிலம். 1995 அக்டோபர் 30 இரவு, போரால் எங்கள் பகுதியான வலிகாமமே பெயர்ந்து நடந்தபோதும் சனம் போன திசை அதுதான். மன்னனுக்கும் சனத்துக்கும் இந்த நிலம் விட்டுவைத்த வழி ஒன்றே.

புலம்பெயர்ந்து வந்தவர்களின் பெட்டிகளில் பழைய காணி உறுதிகள் இருக்கும். அவற்றிலுள்ள காணிப் பெயர்களையும் எல்லைகளையும் பிரதி எடுத்து அடுத்த மலருக்கு அனுப்புங்கள். எங்கே குளம் இருந்தது, எங்கே வாய்க்கால் ஓடியது என்பதை அந்தப் பெயர்களை வைத்தே கண்டுபிடிக்கலாம்.