ஹாலுக்கு எத்தனை அடி கார்ப்பெட்?

கோவையில் ஒரு ஃபர்னிஷிங் ஷோரூமில் கார்ப்பெட் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். திரைச்சீலை வாங்க வருபவர்கள் ஜன்னல் அளவைச் சீட்டில் இஞ்ச் கணக்காக எழுதிக்கொண்டு வருவார்கள். கார்ப்பெட்டுக்கு வருபவர்கள் கையை விரித்துக் காட்டுவார்கள். “டீப்பாய்க்கு அடியில போடற மாதிரி, இவ்வளவு போதும்.” அந்தக் கை பெரும்பாலும் 4க்கு 6 அடியில் போய் நிற்கும்.

ஒரு சாதாரண ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். டீப்பாய் 2க்கு 4 அடி. அதன் கீழே 4க்கு 6 விரித்தால் சுற்றிலும் ஓர் அடி வெளியே தெரியும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் கால் வைக்க ஒன்றேகால், ஒன்றரை அடி விட்டிருப்போம். ஆக, விரிப்பின் ஓரம் சோபாவுக்கு மூன்று முதல் ஆறு இஞ்ச் முன்னாலேயே முடிந்துவிடும். உட்கார்ந்தால் குதிகால் சில்லென்ற டைல்ஸில், விரல்கள் கார்ப்பெட்டில். எழுந்து நடந்தால் அந்த ஓரம்தான் காலில் தட்டும். பணம் கொடுத்து வாங்கிய பொருள் உட்காருபவருக்கும் உதவாமல், நடப்பவருக்கும் இடைஞ்சலாகக் கிடக்கும்.

மூன்று பேர் உட்காரும் சோபா ஆறரை, ஏழு அடி இருக்கும். விரிப்பு அதைவிட இரண்டு பக்கமும் அரை அடியாவது நீள வேண்டும். சோபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏற வேண்டும். அதனால் 5க்கு 8தான் நான் முதலில் எடுத்துப் போடும் அளவு. நீளப் பக்கம் சோபாவுக்கு இணையாக வரும். எல்-வடிவ சோபா என்றால் எல்லின் இரண்டு பக்கங்களின் முன்கால்களும் ஏறும்படி 6க்கு 9 அல்லது 8க்கு 10 பார்க்க வேண்டியிருக்கும். சுவர் வரை அடைத்துப் போடக் கூடாது. ஓர் அடி, ஒன்றரை அடி தரை தெரிந்தால்தான் அறை அறையாக இருக்கும்.

இதே கடையில் மேல் மாடியில் பவானி ஜமக்காளம் இருந்தது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அழுத்தமான நூலில் பட்டை பட்டையாக நிறம் ஓடும். அதை எடுக்க வருபவர்கள் ஒருநாளும் டீப்பாயைப் பற்றிப் பேச மாட்டார்கள். “விசேஷத்துக்கு இருபது பேர் உக்காரணும்”, “ரெண்டு பேர் படுக்கணும்” என்றுதான் கேட்பார்கள். யார், எத்தனை பேர், உட்காரவா படுக்கவா என்ற கணக்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஹாலுக்கு கார்ப்பெட் என்று வரும்போது மட்டும் அந்தக் கணக்கு ஏனோ கைவிட்டுப் போகிறது. நான் செய்ததெல்லாம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதுதான். உங்கள் ஹாலில் யார் எங்கே உட்காருவார்கள்?

பதில்கள் சுவாரசியமாக இருக்கும். சோபா வாங்கிப் போட்டிருந்தாலும் தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகு சாய்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பிள்ளைகள் டீப்பாயில் நோட்டை வைத்து எழுதுவார்கள், அம்மா பட்டாணி உரிப்பார், மதியம் ஒருவர் அங்கேயே தலையணை போட்டுப் படுத்துவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் விரிப்பு சோபாவுக்கு அடியில் போயே ஆக வேண்டும். இல்லையென்றால் சாய்ந்து உட்காருபவருக்குக் கிடைப்பது வெறும் டைல்ஸ்தான். 8 அடி நீளம் இருந்தால் ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம். வழக்கமான அளவு விதிகள் நாற்காலியில் மட்டும் உட்காருகிற வீடுகளுக்குப் போட்டவை. நம் வீட்டுக்கு அவற்றைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மகள் தேர்ந்தெடுத்த 8க்கு 10 கம்பளிக் கார்ப்பெட்டை ஒரு பெரியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “ஏங்கண்ணு, இத்தாப்பெருசை விரிச்சுப் போட்டா தெனமும் மாப் போடறது எப்படி?” அது நியாயமான கேள்வி. நம் ஊரில் தினமும் தரையை ஈரத்தில் துடைக்கிறோம். அந்தக் கார்ப்பெட்டை ஒருவரால் தனியாகப் புரட்ட முடியாது. டஃப்டட் என்கிற, துணியில் நூலைக் குத்தி ஏற்றும் வகையில் அடியில் பசை தடவித் துணி ஒட்டியிருக்கும். ஓரத்தில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் வாடை வரும். அவருக்கு 5க்கு 8இல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பருத்தித் தரி, அதாவது ஜமக்காளம் மாதிரி தட்டையாக நெய்த விரிப்பு, ஒன்றைக் காட்டினேன். கடையிலேயே தனியாளாகச் சுருட்டிப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். அளவைப் பேசும்போது எடையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று அதற்குப் பிறகு எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தேன்.

இஞ்ச் டேப் இல்லாமல் வந்தவர்களுக்கு இரண்டு வழி வைத்திருந்தேன். வீட்டில் இருப்பவருக்கு போன் போட்டு சோபாவிலிருந்து டிவி ஸ்டாண்டு வரை எத்தனை டைல்ஸ் என்று எண்ணச் சொல்வது ஒன்று. பெரும்பாலும் 2க்கு 2 டைல்ஸ்தான், கணக்குச் சுலபம். ஆனால் புது அபார்ட்மென்ட்களில் 2க்கு 4ம் வருகிறது, அதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி பெட்ஷீட். சிங்கிள் பெட்ஷீட் பொதுவாக 60க்கு 90 இஞ்ச், அதாவது 5க்கு ஏழரை அடி. அதை சோபா முன்னால் விரித்து, முன்கால்களை ஏற்றி, ஒருநாள் அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். நடக்கிற வழியில் ஓரம் வருகிறதா, வாசல் கதவு திறக்கும்போது இடிக்கிறதா என்று மாலைக்குள் தெரிந்துவிடும். கார்ப்பெட்டின் கனத்துக்குக் கதவடி இடைவெளி போதுமா என்பதை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படுக்கையறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குயின் கட்டில் 5 அடி அகலம். 6க்கு 9ஐக் கட்டிலுக்குக் குறுக்கே, கால்மாட்டுப் பக்கமாகத் தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் 2 அடி கிடைக்கும். காலையில் எழுந்ததும் கால் படும் இடம் அதுதான். கால்மாட்டில் பீரோ இருந்தால் அதன் கதவு கார்ப்பெட்டில் மாட்டும். அப்போது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள விரிப்புகள் போதும்.

டைனிங் டேபிளுக்கு அடியில் போடக் கேட்டால் வேண்டாம் என்றே சொன்னேன். நாற்காலியை இழுத்தாலும் பின்கால் கீழே இறங்காமல் இருக்க நாலு பக்கமும் 2 அடி கூடுதலாக வேண்டும். 3க்கு 5 டேபிளுக்கே 7க்கு 9 ஆகிவிடும். அவ்வளவு பெரிய கம்பளியின்மேல் தினமும் சாம்பாரும் ரசமும் பரிமாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆத்தங்குடிக் கல்லோ, பழைய சிவப்புத் தரையோ உள்ள வீட்டுக்காரர்களிடமும் தரையை மூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். விற்பனை போனால் போகட்டும்.

கடைசியாகப் பணம் கட்டும் இடத்தில் நிறையப் பேர் அடியில் போடும் ஆன்டி ஸ்கிட் மேட்டை வேண்டாம் என்பார்கள். பளபள டைல்ஸில் 5க்கு 8 தரி நன்றாகவே வழுக்கும். மேட்டை விரிப்பைவிடச் சுற்றிலும் ஓர் இஞ்ச் குறைவாக வெட்டிக் கொடுப்போம். அப்போதுதான் ஓரம் தூக்காமல் தரையோடு படியும். ராத்திரி விளக்குப் போடாமல் பாத்ரூமுக்கு நடக்கும் பெரியவர்கள் உள்ள வீடு என்றால், கார்ப்பெட்டில் ஒரு சைஸ் குறைத்தாவது மேட்டை எடுங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். சைஸைப் பற்றி அத்தனை பிடிவாதமாக இருந்த நான் விட்டுக்கொடுத்தது அந்த ஓர் இடத்தில்தான்.