நவரினோ விரிகுடாவுக்கு ஒரு கோல்ஃப் பயணம்: டீ டைமிலிருந்து தொடங்கிய திட்டம்

கத்திரி வெயிலில் சென்னையில் காலை எட்டு மணிக்கே கையுறை நனைந்துவிடும். அந்த மே மாதத்தில் நிம்மதியாக ஆட எங்கே போகலாம் என்று பேசப்போய்த்தான் கோஸ்டா நவரினோ எங்கள் பட்டியலுக்கு வந்தது. கிரேக்கத்தின் தென்மேற்கு மூலையில், பெலொப்பொனீஸின் மெசீனியா பகுதியில், அயோனியன் கடலை ஒட்டிய ரிசார்ட் அது. 18 ஹோல் மைதானங்கள் நான்கு இருக்கின்றன. பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த டியூன்ஸ் 2010இல் திறந்தது. ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியரின் பே கோர்ஸ் 2011இல் வந்தது. மலைமேல் இருக்கும் இரண்டும் ஹொசே மரியா ஒலாசபாலின் கைவண்ணம். 2022இல் ஆட்டத்துக்கு வந்தவை. லாங்கரும் சரி, ஒலாசபாலும் சரி, மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை இரண்டு முறை வென்றவர்கள். அவர்கள் வரைந்த மைதானங்களில் ஒரே வாரத்தில் மாறி மாறி ஆடலாம் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

ஆடுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர், கூட இரண்டு குடும்பங்கள். என் மனைவி கோல்ஃப் ஆடுவதில்லை.

மத்தியதரைக் கடலோரத்தில் ஜூலை, ஆகஸ்ட் கடும் வெயில் காலம். நவம்பரிலிருந்து மழை. மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும் வரையும்தான் ஆட்டத்துக்கு நல்ல காலம். மே மாதத்தில் அங்கே இரவு எட்டரை மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது, அதனால் மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாலும் முழுச் சுற்றை முடித்துவிடலாம். தேதி குறிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கிரேக்கர்களுடைய ஈஸ்டர் பெரும்பாலும் நம் நாட்காட்டியில் போட்டிருக்கும் ஈஸ்டர் அன்று வராது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கணக்குப்படி சில வருடங்களில் மே முதல் வாரம் வரைகூடத் தள்ளிப்போகும். 2024இல் மே 5 அன்று வந்தது. அந்த வாரம் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், அறை வாடகையும் ஏறிவிடும். நாங்கள் அதற்கு அடுத்த வாரங்களைத் தேர்ந்தெடுத்தோம்.

அப்புறம்தான் டீ டைம், அதாவது ஆட்டத்தைத் தொடங்க மைதானத்தில் நமக்கு ஒதுக்கும் நேரம். விமான டிக்கெட், ஹோட்டல், கடைசியில் மைதானம் என்ற வரிசையை நான் ஒப்புக்கொள்வதில்லை. கடலோர மைதானத்தில் எந்த நேரத்தில் ஆடுகிறோம் என்பது ஆட்டத்தையே மாற்றிவிடும். காலையில் காற்று அடங்கியிருக்கும். நிலம் சூடேற ஏற, மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும். காலையில் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையால் எட்டிய கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) மாலையில் எதிர்காற்றில் இன்னும் தூரம் அடிக்கும் ஐந்தாம் நம்பர் வேண்டியிருக்கும். அதோடு எங்களில் மூத்தவர் எழுபதைத் தாண்டியவர். "தம்பி, காலையிலதான் என் முதுகு ஒத்துழைக்கும். மத்தியான ஆட்டம் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "சரி அண்ணே, பே கோர்ஸைக் காலையில வச்சுக்கலாம்" என்றேன். ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டதும் காலை நேரங்கள் எவை காலி என்று அனுப்பினார்கள். அதை வைத்து நாட்களையும், நாட்களை வைத்து விமானத்தையும் முடிவு செய்தோம்.

கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான் இதில் சிக்கலான இடம். அறையும் பயணச்சீட்டும் பதிவான ஆதாரம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. விசா கைக்கு வராமல் முழுப்பணம் கட்டவும் மனம் வராது. அதனால் எதைப் பதிவு செய்தாலும் ரத்து செய்ய எது கடைசி நாள் என்பதை முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம். அந்தத் தேதிகளுக்கு முன்பே விசா முடிவு தெரிந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு விண்ணப்பித்தோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். ஆனால் கோடை விடுமுறைக்கு நம் ஊரிலிருந்து கூட்டம் கூட்டமாக ஐரோப்பா கிளம்பும் பருவத்தில் அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. பிப்ரவரியிலேயே பிடித்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பயணத் திட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் எந்த மைதானம், எத்தனை மணி என்று எழுதி, டீ டைம் உறுதிக் கடிதங்களையும் இணைத்தேன். எதற்காகப் போகிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் காகிதம் வேறில்லை.

ஹேண்டிகேப் என்பது ஒருவருடைய ஆட்டத் திறனைக் காட்டும் எண்; அதற்கான சான்றிதழை உங்கள் கோல்ஃப் கிளப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2020இல் உலக ஹேண்டிகேப் முறை வந்த பிறகு நம் இந்திய கோல்ஃப் யூனியன் தரும் இண்டெக்ஸ் என்ற அந்த எண் வெளிநாட்டிலும் அப்படியே செல்லும். ஆனால் அந்த எண்ணை வைத்து நேராக ஆட முடியாது. மைதானம் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம் என்று காட்டும் ஸ்லோப் ரேட்டிங்கால் பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (கைதேர்ந்தவருக்கு ஆகும் அடிகள்) பாருக்கும் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகள்) உள்ள வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். இண்டெக்ஸ் 18, ஸ்லோப் 130 என்று வைத்துக்கொண்டால் பெருக்கி வகுத்ததிலேயே கிட்டத்தட்ட 21 ஆகிவிடும். எந்த டீயிலிருந்து (ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம்) ஆடுவது என்பதையும் நாங்கள் ஊரிலேயே பேசி முடித்துவிட்டோம். கிரீனுக்குக் கிட்டே இருக்கும் முன் டீயிலிருந்து ஆடுவதில் எந்தக் குறைவும் இல்லை. விடுமுறைக்குப் போய் ஒவ்வொரு ஹோலிலும் தூர அடிக்கான 'வுட்' மட்டையைத் தூக்கிக்கொண்டு போராட வேண்டியதில்லை.

கிளப்புகளை, அதாவது கோல்ஃப் மட்டைகளை, கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? என் கருத்து, இரண்டு சுற்றுக்கு மேல் ஆடுவதாக இருந்தால் சொந்த செட்தான். சில விமான நிறுவனங்கள் கோல்ஃப் பையைச் சாதாரணப் பெட்டி போலவே எடைக்குள் சேர்த்துக்கொள்ளும், சில தனிக் கட்டணம் கேட்கும். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டிரைவர் என்ற மிக நீளமான மட்டையின் தலையைக் கழற்றித் துண்டில் சுற்றி வையுங்கள். பையின் நடுவில் கிளப்புகளைவிட உயரமான ஒரு கம்பு நின்றால் அடி அதன்மேல் விழும், மட்டைகளின் தண்டு தப்பிக்கும். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும்.

சென்னையிலிருந்து ஏதென்ஸுக்கு நேரடி விமானம் இல்லை, வளைகுடா வழியாகப் போனோம். ரிசார்ட்டுக்கு அருகில் இருப்பது கலமாட்டா விமான நிலையம். ஐரோப்பிய நகரங்களிலிருந்து பருவகாலத்தில் அங்கே விமானங்கள் உண்டு. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஏதென்ஸில் இறங்கி காரில் போவதே எளிது. கொரிந்து, திரிப்போலி வழியாக நல்ல நெடுஞ்சாலை, மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம் கையில் இருக்கட்டும். நான்கு கோல்ஃப் பைகளுக்கு வேன்தான் சரிப்படும்.

நம் ஊர் ஆட்டக்காரர்களுக்கு அங்கே முதலில் உறைப்பது கேடி, அதாவது பையைத் தூக்கிக் கூடவே வரும் உதவியாளர், இல்லாததுதான். பந்தைத் தேட, கிரீனில் சரிவு சொல்ல யாரும் வரமாட்டார்கள். பங்கர் என்ற மணற்பள்ளத்தை நாமே வாரிவிட வேண்டும், பந்து விழுந்த பள்ளத்தை நாமே சரிசெய்ய வேண்டும். கிளம்புவதற்கு முன் சில வாரங்கள் கேடியிடம் கேட்காமல் பட் செய்து (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டி) பழகினோம். அது மிகவும் உதவியது.

பே கோர்ஸில் சில ஹோல்கள் விரிகுடாவை ஒட்டியே போகின்றன, பிறகு மைதானம் ஓடைப் பள்ளத்துக்குள்ளும் ஆலிவ் தோப்புக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. எதிரே நீண்டு கிடக்கும் ஸ்ஃபக்டீரியா தீவு கடலை மறித்து நிற்பதால் தண்ணீர் ஏரி மாதிரி இருக்கிறது. 1827 அக்டோபர் 20 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து ஒட்டோமான்-எகிப்தியக் கப்பற்படையை நொறுக்கியது இந்த விரிகுடாவில்தான். கிரேக்க விடுதலைக்கு வழி திறந்த போர் அது. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி பந்தை டீயில் வைக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. டியூன்ஸ் அகலமானது, தாராளமானது. ஆனால் கிரீனைச் சுற்றியுள்ள பங்கர்களை மதிக்காவிட்டால் ஸ்கோர் (அடிகளின் எண்ணிக்கை) ஏறிவிடும். முதல் ஆட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், பயணக் களைப்பைப் பொறுத்துக்கொள்ளும். மலைமேல் உள்ள மைதானங்களுக்குப் பக்கி என்ற சிறு கோல்ஃப் வண்டியை எடுத்துவிடுங்கள். அதையும் டீ டைமோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

எங்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. நோன்புக் காலத்துக்காகவே கிரேக்கர்களிடம் ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகள் ஏராளம். 'லதேரா' என்று கேட்டால் போதும். பீன்ஸ், கத்தரிக்காய் என்று எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். ஆடாதவர்களுக்கு வொய்டோகிலியா கடற்கரை, ஹோமர் காவியத்தில் வரும் அரசன் நெஸ்டரின் பெயரால் அழைக்கப்படும் அரண்மனை, மெத்தோனி கோட்டை மூன்றும் கார் தூரத்தில் இருக்கின்றன. 1939இல் பழங்கால எழுத்து பொறித்த களிமண் பலகைகள் கிடைத்த அந்த அரண்மனையை என் மனைவி மீண்டும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றாள். அதற்காக ஒரு நாள் மாலை ஆட்டத்தை விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். அடுத்த முறை போனால் அந்த மாலையை முதலிலேயே திட்டத்தில் எழுதிவிடுவேன்.